வால் முளைத்த வினைச்சொற்கள்

எளிய ஆங்கில வாக்கியம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'ஷி புட் அப் வித் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்.' பத்து வருஷம் அவள் அவனை என்ன செய்தாள்? தமிழில் நமக்கு உடனே வருவது 'பொறுத்துக்கொண்டாள்'. வீட்டில் அம்மாவிடம் கேட்டால் 'பல்லைக் கடிச்சிக்கிட்டு இருந்தா' என்பார். கொஞ்சம் காரமான சித்தி யாராவது பக்கத்தில் இருந்தால், 'பத்து வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்துட்டு இப்ப வந்து சொல்றா' என்பார். மூன்றும் அந்த ஒரே வாக்கியத்திலிருந்து வரக்கூடியவைதாம். ஆனால் மூன்றிலும் இருப்பது ஒரே பெண் இல்லை.

ஆங்கில வாக்கியம் அவளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அவள் பலசாலியா, பயந்தவளா, வேறு வழியில்லாதவளா, ஏமாளியா, எதுவும் இல்லை. அதை அப்படியே திறந்து வைத்துவிட்டுப் போகிறது. இந்த வாக்கியத்தை ஜெர்மனுக்குக் கொண்டுபோகும்போது ஒரு சிக்கல் வருகிறது. ஜெர்மன் அந்தக் கதவைத் திறந்தபடி விடாது. ஏதாவது ஒரு பக்கம் சாத்தித்தான் ஆக வேண்டும். எழுதியவர் சொல்லாத தீர்ப்பை மொழிபெயர்ப்பவர் சொல்ல வேண்டிய நிலை. அந்த உரிமையை அவருக்கு யார் கொடுத்தது? கொஞ்ச நாளாக என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கும் கேள்வி இதுதான்.

முதலில் இந்தச் சொற்கள் எப்படி வேலை செய்கின்றன என்று பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் இவற்றை ஃப்ரேஸல் வெர்ப் என்கிறார்கள். சாதாரண வினை ஒன்று, அதன் பின்னால் அப், டவுன், அவுட், ஆஃப், ஓவர் என்று ஒரு வால். கிவ் என்றால் கொடு, அப் என்றால் மேலே. இரண்டும் சேர்ந்தால் 'கைவிடு'. மேலே கொடுப்பதற்கும் கைவிடுவதற்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்தால் தலை சுற்றும். வெளிநாட்டுக்காரர்களை ஆங்கிலத்தில் மிகவும் திணறடிப்பது இந்த வால்கள்தாம் என்று சாமுவேல் ஜான்சன் 1755-இல் வெளிவந்த தன் அகராதியின் முன்னுரையிலேயே குறிப்பிட்டிருக்கிறார். ஃப்ரேஸல் வெர்ப் என்ற பெயர் பரவியது அதற்கு மிகவும் பிந்தி, 1925-இல் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய புத்தகத்தின் வழியாக.

இவற்றுக்கு ஒரு வர்க்கமும் உண்டு. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஆங்கிலம் மெல்ல மெல்ல இரண்டு தளம் கொண்ட வீடாக மாறியது. மாடியில் பிரெஞ்சும் லத்தீனும் தந்த சொற்கள்: டாலரேட், சரண்டர், காம்பன்ஸேட். கீழே அடுக்களையில் புட் அப் வித், கிவ் அப், மேக் அப் ஃபார். கோர்ட் தீர்ப்பில் பெரும்பாலும் மாடிச் சொல் வரும். வீட்டுச் சண்டையில் அடுக்களைச் சொல்தான். ஒரு பெண் தன் பத்து வருஷத்தைப் பற்றிப் பேசும்போது 'டாலரேட்' என்று சொன்னால், அவள் ஏற்கெனவே ஒரு வக்கீலிடம் பேசிவிட்டு வந்திருக்கிறாள் என்று தோன்றும்.

ஜெர்மன் ஆங்கிலத்துக்கு ஒன்றுவிட்ட அக்கா. அதனால் அங்கேயும் இந்த வால்கள் உண்டு. கிவ் அப் ஜெர்மனில் ஆவ்ஃப்கேபன். ஆவ்ஃப் என்றால் மேலே, கேபன் என்றால் கொடு. அச்சு அசல் அதே படம். வால் மட்டும் வினைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும். வாக்கியத்தில் வைத்தால் கழன்று, கடைசிக்கு ஓடிவிடும். ஒருவர் எதையோ 'கொடுக்கிறார்' என்று நினைத்துக் கேட்டுக்கொண்டே வருவோம். வாக்கியம் முடியும் இடத்தில் 'ஆவ்ஃப்' வந்து விழும். அட, கைவிட்டுவிட்டாரா! மார்க் ட்வெய்ன் 1880-இல் ஜெர்மன் மொழியைக் கிண்டல் செய்து எழுதிய கட்டுரையில் இதற்கென்றே தனியாகப் புலம்பியிருக்கிறார். தமிழர்களுக்கு இது அவ்வளவு அதிர்ச்சி தராது. வாக்கியத்தின் முடிச்சைக் கடைசிவரை கையில் வைத்திருப்பது நமக்குப் பழக்கம்தானே.

பார்க்க ஒரே ஜாடை என்பதால் மாற்றுவது சுலபம் என்று தோன்றும். நானும் ஜெர்மன் படிக்க ஆரம்பித்தபோது, வால்களுக்கு ஒரு அட்டவணை போட்டுக்கொண்டால் போதும் என்றுதான் நினைத்தேன். அப்புறம் உம்ஃபாரன் என்ற சொல் வந்தது. முதல் அசையை அழுத்திச் சொன்னால், வண்டியை ஏற்றிச் சாய்ப்பது. இரண்டாம் அசையை அழுத்தினால், இடிக்காமல் சுற்றிக்கொண்டு போவது. எழுத்தில் இரண்டும் ஒன்றே. குரல் எங்கே விழுகிறது என்பதில்தான் ஒரு உயிர் தப்புகிறது. இன்னும் வேடிக்கை, மொழிபெயர்ப்பைக் குறிக்கும் சொல்லே இப்படிப்பட்டதுதான். யூபர்ஸெட்ஸன் என்பதில் 'யூபர்' கழன்று ஓடினால், தோணியில் அக்கரைக்குக் கொண்டு சேர்ப்பது. ஒட்டியே இருந்தால், மொழிபெயர்ப்பது.

தமிழில் இதற்கு நெருக்கமான சங்கதி துணைவினை. 'வந்தான்' என்பது செய்தி. 'வந்துவிட்டான்' என்றால் ஒரு முடிவு, சில சமயம் நிம்மதி. 'வந்து தொலைஞ்சான்' என்றால் சொல்பவரின் முகமே தெரிந்துவிடுகிறது. வந்தவன் செய்த காரியம் மூன்றிலும் ஒன்றுதான். 'பொறுத்தாள்' என்பதற்கும் 'பொறுத்துக்கொண்டாள்' என்பதற்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்னக் 'கொள்' என்ன செய்கிறது என்பதை நம்மால் உணர முடிகிறது. அவள் தனக்குள்ளேயே ஏதோ ஏற்பாடு செய்துகொண்டாள் என்று அது சொல்கிறது. ஒருவரைப் பற்றிய தீர்ப்பு பல சமயம் பெரிய சொல்லில் இருப்பதில்லை, இந்த மாதிரி வாலில்தான் இருக்கிறது.

இப்போது அந்தப் பெண்ணிடம் திரும்புவோம். ஜெர்மன் வகுப்பு ஒன்றில் இதே போன்ற வாக்கியம் பயிற்சிக்கு வந்தது. வெவ்வேறு நாட்டுக்காரர்கள் உட்கார்ந்திருந்தோம். ஆளுக்கொரு வினை எழுதினோம். எல்லாமே சரிதான் என்றார் ஆசிரியை. இலக்கணப்படி எல்லாம் சரிதான்.

ஒருவர் எழுதியது எர்ட்ராகன். டிராகன் என்றால் சுமப்பது. இந்த வினையைப் போட்டால் அவள் தலையில் ஒரு பாரம் தெரியும். கனமும் கௌரவமும் சேர்ந்தே வரும். இன்னொருவர் ஆவ்ஸ்ஹால்டன் என்று எழுதினார். தாக்குப்பிடிப்பது. இதில் அவளுடைய திராணி முன்னால் வருகிறது, வலி கொஞ்சம் பின்னால் போகிறது. மூன்றாவது ஹின்நேமன். நடப்பதை அப்படியே வாங்கிக்கொள்வது, எதிர்க்காமல். நான்காவதுதான் என்னை நிறுத்தியது. ஸிஷ் கெஃபாலன் லாஸன். சொல்லுக்குச் சொல் பார்த்தால், 'தனக்குப் பிடிக்கும்படி விட்டுவிடுவது'. 'இதையெல்லாம் நான் சும்மா விடமாட்டேன்' என்று ஒரு ஜெர்மன்காரர் மேசையைத் தட்டும்போது, இந்த வினையை எதிர்மறையில் வைத்துத்தான் சொல்வார். தன்னைப் பற்றிச் சொல்லும்போது அது வீரம். அதையே திருப்பி, பத்து வருஷம் அவள் இதற்கு இடம் கொடுத்தாள் என்று இன்னொருத்தியைப் பற்றிச் சொன்னால்? அந்தக் காரமான சித்தி வந்துவிட்டார்.

ஐந்தாவதாக ஒன்றும் இருக்கிறது. டுல்டன். மேலே இருப்பவர் கீழே இருப்பவரை விட்டுவைப்பது என்ற வாசனை இதில் வரும். இதிலிருந்து பிறந்த டுல்டுங் என்ற சொல்லை ஜெர்மனிக்கு அகதிகளாகப் போன ஈழத்தமிழர்கள் பலர் காகிதத்தில் அறிவார்கள். அது வசிப்பதற்கான அனுமதி கிடையாது. நாட்டை விட்டு வெளியேற்றுவதைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று சொல்லும் ஒரு நிலை. உன்னை ஏற்றுக்கொள்ளவில்லை, இப்போதைக்கு விட்டுவைத்திருக்கிறோம், அவ்வளவுதான். அடுக்களையில் ஒரு பெண் சொன்ன 'புட் அப் வித்' இந்தப் பக்கம் திரும்பினால் அரசாங்க முத்திரை வரைக்கும் போய்விடுகிறது.

சரி, இதுல என்ன பெரிய தார்மீகப் பிரச்சினை, சந்தர்ப்பம் பார்த்து நல்ல சொல்லாகப் போட்டால் போச்சு என்று நீங்கள் கேட்கலாம். நாவலில் அது நடக்கும். முன்னூறு பக்கம் படித்தவருக்கு அந்தப் பெண் யார் என்று தெரியும். ஆனால் ஒரு வாக்குமூலத்தை எண்ணிப் பாருங்கள். தஞ்சம் கேட்டோ விவாகரத்து கேட்டோ ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசுகிறாள். அது அவளுடைய தாய்மொழியாகக்கூட இல்லாமல் இருக்கலாம். அவள் சொன்னது 'புட் அப் வித்'. ஜெர்மன் பதிவேட்டில் ஏறுவது மேலே சொன்னவற்றில் ஏதாவது ஒன்று. அந்தக் காகிதத்தைப் படிக்கிற அதிகாரி அவள் குரலைக் கேட்டிருக்க மாட்டார். அவருக்கு அந்த வினைதான் அவள். எர்ட்ராகன் என்று இருந்தால் 'பாவம், எவ்வளவு சுமந்திருக்கிறாள்'. கெஃபாலன் லாஸன் என்று இருந்தால் 'அப்போ ஏன் கிளம்பவில்லை?' யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் தப்பாக மொழிபெயர்க்கவும் இல்லை. ஆனாலும் அவளுக்கு ஒன்று நடந்துவிட்டது.

இதே விஷயத்தை அதிகாரத்தின் பக்கம் நின்றும் பார்க்க வேண்டும். 2021 நவம்பரில் கிளாஸ்கோவில் நடந்த காலநிலை மாநாடு நினைவிருக்கலாம். நிலக்கரி பற்றிய வாசகம் வரைவில் 'ஃபேஸ் அவுட்' என்று இருந்தது, படிப்படியாக ஒழிப்பது. கடைசி நேரத்தில் இந்தியா அதை 'ஃபேஸ் டவுன்' என்று மாற்றச் சொன்னது, படிப்படியாகக் குறைப்பது. வினை அதேதான். வால் மட்டும் மாறியது. மாநாட்டுத் தலைவர் அலோக் சர்மா மேடையில் மன்னிப்புக் கேட்டுக் குரல் உடைந்தார். கிட்டத்தட்ட இருநூறு நாடுகள் உட்கார்ந்திருந்த மண்டபத்தில் ஒரு வாலுக்காகச் சண்டை.

ஐ.நா.வின் ஆறு அலுவல் மொழிகளில் ஜெர்மன் கிடையாது. ஜெர்மன் வாசகருக்கு இந்தச் சண்டை மொழிபெயர்ப்பு வழியாகத்தான் போய்ச் சேரும். 'அவுட்' பிரச்சினையில்லை. அதற்கு ஆவ்ஸ்ஷ்டீக் என்ற சொல் தயாராக இருக்கிறது. பஸ்ஸிலிருந்தும் ரயிலிலிருந்தும் இறங்குவதற்கு அவர்கள் தினமும் சொல்லும் வினையிலிருந்து வந்த பெயர்ச்சொல். நிலக்கரியிலிருந்து இறங்க 2020-இல் சட்டம் போட்டார்கள், கடைசிக் கெடு 2038. அணுமின்சாரத்திலிருந்து 2023 ஏப்ரல் 15 அன்று இறங்கியே விட்டார்கள். ஆனால் 'டவுன்' என்ன ஆகும்? 'படிப்படியாகக் குறைத்தல்' என்று விளக்கமாக எழுதலாம். அப்போது இரண்டு சொற்களுக்கும் இருந்த ஒட்டுறவு போய்விடும். ஒரே ஒரு வாலை மாற்றித்தான் இவ்வளவும் நடந்தது என்பது கண்ணுக்குத் தெரியாது. ஹெருன்டர்ஃபாரன் என்று எழுதலாம். கீழே இறக்குவது. ஆனால் ஜெர்மன்காரர்கள் சாயங்காலம் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்வதற்கும் இதே வினைதான். குறைப்பதா அணைப்பதா என்ற குழப்பம் புதிதாக முளைக்கும். இந்தியா தவிர்க்க நினைத்த அர்த்தமே பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

ஒரு மொழிபெயர்ப்பாளருக்கு இங்கே ஒரு ஆசை வரும். நிலக்கரியை எதிர்ப்பவராக இருந்தால், 'டவுன்' ஒரு ஏமாற்று என்று வாசகருக்குப் புரியும்படி மங்கலான சொல்லைப் போடத் தோன்றும். இந்தியாவின் வாதத்தில் நியாயம் இருக்கிறது என்று நினைப்பவர் கௌரவமான சொல்லைத் தேடுவார். இரண்டு பேரும் மொழிபெயர்க்கிறேன் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள்.

மூன்றாவது உதாரணம் இன்னும் கனமானது. மேக் அப் ஃபார் என்பது ஈடுகட்டுவது. பிறந்தநாளை மறந்துபோன நண்பன் சொல்வான், ஈடுகட்டிவிடுகிறேன் என்று. ஜெர்மனில் அதே நண்பன் வீடர்கூட்மாஹன் என்பான். பிரித்தால் 'மறுபடியும் நல்லதாக ஆக்குவது'. பிறந்தநாளுக்கு அது அழகான சொல். ஆனால் நாஜிகளின் குற்றங்களுக்கான இழப்பீட்டுக்கும் மேற்கு ஜெர்மனியில் இதே சொல்தான் வழங்கியது, வீடர்கூட்மாஹுங். 1952 செப்டம்பர் 10 அன்று லக்ஸம்பர்கில் மேற்கு ஜெர்மனி இஸ்ரேலுடன் உடன்படிக்கை செய்தது. இஸ்ரேலுக்கு 300 கோடி மார்க். இஸ்ரேல் தன் பக்கம் பயன்படுத்திய ஹீப்ரு சொல் ஷிலுமிம். வெறும் செலுத்துகைகள் என்று பொருள். மன்னித்தோம் என்ற சாயல் இல்லாத சொல் அவர்களுக்கு வேண்டியிருந்தது. பணத்தை வாங்கிக்கொள்கிறோம், எதுவும் மறுபடி நல்லதாக ஆகிவிடவில்லை.

இப்போது ஓர் ஆங்கில நினைவுக்குறிப்பில், அவர்கள் ஈடுகட்ட முயன்றார்கள் என்று ஒரு வரி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். 'மேக் அப் ஃபார்' என்பதில் ஒரு குறையை நிரப்பும் படம்தான் இருக்கிறது. முழுதாக நிரம்புமா என்று அது வாய் திறப்பதில்லை. வீடர்கூட்மாஹன் என்று போட்டால் அந்த முயற்சிக்கு ஒரு பெரிய உரிமை கோரலும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் அதே வரி எதிர்மறையில் வந்தால், எதுவுமே இதை ஈடுகட்டாது என்று இருந்தால், ஜெர்மன் வினை ஆங்கிலத்தைவிட வலுவாக நிற்கும். எதுவும் இதை மறுபடி நல்லதாக்காது. ஒரே வினை, ஒரு 'இல்லை' சேர்ந்ததும் அறத்தின் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. அட்டவணை போட்டு வேலை நடக்காது என்பது எனக்கு உறைத்த இடம் இது.

அப்படியானால் என்னதான் செய்வது?

ஷ்லையர்மாஹர் 1813-இல் பெர்லினில் ஆற்றிய உரையில் இரண்டு வழிகளைச் சொன்னார். வாசகரை எழுத்தாளரிடம் கூட்டிப்போவது, அல்லது எழுத்தாளரை வாசகரிடம் கூட்டிவருவது. மொழிபெயர்ப்பு பற்றிப் பேசுகிற எல்லோரும் இதைச் சொல்லிவிடுவார்கள். நம் கேள்விக்கு இது பாதிதான் உதவும். எங்கள் வகுப்பு வாக்கியத்தில் எழுத்தாளரும் வாசகரும் மட்டும் இல்லை. 'அவள்' என்று மூன்றாவதாக ஒருத்தி இருக்கிறாள். அவளை யாரும் எங்கேயும் கூட்டிப்போவதில்லை. அவளைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான்.

எனக்கு அதிகம் கைகொடுப்பவர் லூதர். புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் பெயர்த்தபோது, ரோமர் நிருபத்தின் ஒரு வசனத்தில் மூலத்தில் இல்லாத 'மட்டும்' என்ற சொல்லைச் சேர்த்தார். மனிதன் விசுவாசத்தினால் மட்டும் நீதிமானாகிறான் என்றாகிவிட்டது. பெரிய ரகளை. 1530-இல் பதில் சொல்லி ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். வீட்டில் இருக்கும் தாய், தெருவில் விளையாடும் பிள்ளைகள், சந்தையில் நிற்கும் சாதாரண மனிதன், இவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று பார்த்துத்தான் மொழிபெயர்க்க வேண்டும், ஜெர்மன் அந்த இடத்தில் அந்தச் சொல்லைக் கேட்கிறது என்பது அவர் வாதம். இறையியல் காரணமும் இருந்தது, அதையும் அவர் மறைக்கவில்லை. அவர் சேர்த்தது சரியா என்று இன்றும் விவாதிக்கலாம். எனக்கு முக்கியமாகப் படுவது அவர் அந்தச் சொல்லுக்குத் தன் பெயரைக் கொடுத்தார் என்பது. இதை நான்தான் சேர்த்தேன், காரணம் இது, வா சண்டைக்கு.

இதிலிருந்து எனக்கு ஒரு நிலைப்பாடு கிடைக்கிறது. பேசுபவர் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தால் அந்த மௌனம் அவருடையது. அதைத் தெளிவாக்குவது உதவி மாதிரித் தெரியும். ஆனால் கேட்காமல் இன்னொருவர் பெட்டியைத் திறப்பதும் அதுவும் ஒன்றுதான். முடிந்தவரை பெட்டியைப் பூட்டியபடியே அக்கரை சேர்க்க வேண்டும். முடியாமல் போகும் இடங்களில், சொல் ஒரு பக்கம் சாய்ந்தே தீரும் என்னும்போது, அந்த அறையில் இல்லாதவர் மேல் குறைந்த பழி விழும் சொல்லை எடுக்க வேண்டும். சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு என்று சட்டத்தில் சொல்வார்கள் இல்லையா, கிட்டத்தட்ட அது. சாய்த்தது நான்தான் என்று எங்காவது, முன்னுரையிலோ அடிக்குறிப்பிலோ, வாய்மொழியாக இருந்தால் 'இந்தச் சொல்லுக்கு இரண்டு பக்கமும் அர்த்தம் உண்டு' என்று ஒரு வரியிலோ, சொல்லிவிடவும் வேண்டும்.

இதற்கு வலுவான எதிர்வாதம் இருக்கிறது. மௌனம் எல்லோருக்கும் ஒன்றா? வாக்குமூலம் கொடுக்கும் பெண்ணின் மௌனம் அவளுக்குப் பாதுகாப்பு. மாநாட்டில் அரசாங்கங்கள் சேர்ந்து உருவாக்கிய மழுப்பல் அவர்களுக்குப் பாதுகாப்பு. முதலாவதைக் காப்பாற்று, இரண்டாவதை உடை என்று ஏன் சொல்லக்கூடாது? சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த மௌனம் ஏழையுடையது, எந்த மௌனம் திருடனுடையது என்று நானே முடிவு செய்து சொல் போட ஆரம்பித்தால், நாளை இன்னொரு மொழிபெயர்ப்பாளர் தன் நியாயப்படி அந்தப் பெண்ணின் பெட்டியை உடைப்பார். அவரைத் தடுக்க என்னிடம் வார்த்தை இருக்காது. 'ஃபேஸ் டவுன்' மழுப்பல்தான் என்று நான் நினைத்தால் அதற்குக் கட்டுரை எழுதலாம், என் பெயரைப் போட்டு. மொழிபெயர்ப்புக்குள் ஒளித்து வைக்கக்கூடாது. அந்த மழுப்பலை மழுப்பலாகவே கொடுத்தால்தான் ஜெர்மன் வாசகர் அதைப் பார்த்துக் கோபப்பட முடியும். நான் சரிசெய்து கொடுத்துவிட்டால் அவர் எதைப் பார்த்துக் கோபப்படுவார்?

இந்த நிலைப்பாட்டில் எனக்கு முழு நிம்மதி இல்லை. அறையில் இல்லாதவர் மேல் குறைந்த பழி என்று சொன்னேன். அப்படியானால் அந்த 'ஹிம்', அந்த ஆள்? அவனும் அறையில் இல்லைதானே. அவளுக்கு எர்ட்ராகன் போட்டால் அவன் தானாகவே ஒரு சுமையாகிவிடுகிறான். ஆவ்ஸ்ஹால்டன் போட்டால் அவன் ஒரு சாதாரண முரடன், அவ்வளவுதான். ஒருவருக்கு இரக்கம் காட்டும் வினை இன்னொருவருக்குக் குற்றப்பத்திரிகை ஆகிறது. இரண்டு பேரையும் சமமாக வைக்கும் ஒரு வினையை ஜெர்மனில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் அது மூன்று குட்டிச் சொற்களில் சும்மா கிடக்கிறது.

இன்றைக்கு ஒரு பொத்தானை அழுத்தினால் இயந்திரம் ஒரே நொடியில் ஒரு வினையைக் கொடுத்துவிடுகிறது. பல சமயம் நல்ல வினைதான். ஆனால் அது வகுப்பில் எங்களுக்கு வந்த அந்த அரை நிமிஷத் தயக்கத்தைக் காட்டாது. ஐந்து சொற்கள் இருந்தன, நான்கைத் தள்ளிவிட்டு இதை எடுத்தேன் என்று வாசகரிடம் சொல்லாது. தள்ளப்பட்ட நான்கில்தான் அந்தப் பெண்ணின் மற்ற நான்கு வாழ்க்கைகள் இருந்தன.

வால்ட்டர் பெஞ்சமின் 1923-இல் தன் போதலேர் மொழிபெயர்ப்புக்கு எழுதிய முன்னுரைக்கு மொழிபெயர்ப்பாளரின் பணி என்று தலைப்பு. பணி என்பதற்கு அவர் போட்ட ஜெர்மன் சொல் ஆவ்ஃப்காபே. மேலே பார்த்த அந்த ஆவ்ஃப்கேபன் வினையிலிருந்து வந்தது. பணி என்றும் பொருள், கைவிடுதல் என்றும் பொருள். பால் டி மான் 1983-இல் ஓர் உரையில் இதைச் சுட்டிக்காட்டி, மொழிபெயர்ப்பாளரின் தோல்வி அந்தத் தலைப்பிலேயே இருக்கிறது என்றார். எனக்கு அது தோல்வியாகத் தெரியவில்லை. கைவிட வேண்டியதும் இந்த வேலையில் ஒன்று இருக்கிறது: அடுத்தவர் வாழ்க்கையைப் பற்றிய கடைசி வார்த்தை நம்முடையதாக இருக்க வேண்டும் என்ற ஆசை. அந்தத் தலைப்பை ஆங்கிலத்தில் 'டாஸ்க்' என்று பெயர்த்தார்கள். நானும் இங்கே 'பணி' என்றுதான் எழுதியிருக்கிறேன். கைவிடுதல் இரண்டிலும் இல்லை.